பொம்மையிடம் கேட்ட கேள்விகள்

நாடகக் கலையின் வரலாற்றை எழுத வருவோர் பெரும்பாலும் பெரிய மேடைகளையே நாடிச் செல்வர். பள்ளிக்கூடத்து உணவறையில், தரையில் சம்மணமிட்டு அமர்ந்த சிறுவர்களுக்கு முன்னால் நடந்து முடிந்த அரைமணி நேர ஆட்டங்கள் அவர்தம் கண்ணுக்குப் படுவதில்லை. அத்தகைய ஆட்டம் ஒன்றின் வரலாற்றை நம் வட்டத்தின் இப்பத்தாம் ஆண்டு மலரில் எழுத முற்படுகிறேன். உடற்குறையோடு வாழும் பிள்ளைகளைப் பற்றி மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல, 1970களில் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் பொம்மைகள் நுழைந்தன. அவை வந்த காரணமும், பின்னர் அவற்றைப் பற்றி எழுந்த வினாக்களும், சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் அறிய வேண்டியவை என்பது என் துணிபு.

1975-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் ஒன்றிலிருந்து தொடங்குவது பொருந்தும். உடற்குறையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் கல்வி வழங்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். 94-142 என்னும் எண்ணாலேயே அதனைப் பலரும் குறிப்பிடுவர். நாட்டில் இத்தகைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர் என்றும், அவர்களுள் 10 இலட்சம் பேர் பொதுப் பள்ளிகளுக்குள் அறவே சேர்க்கப்படவில்லை என்றும் அச்சட்டத்தின் முகப்பே ஒப்புக்கொண்டது. செல்வத்தில் முதலிடம் கோரிய நாடு தன் பள்ளிக் கதவை இத்தனை பிள்ளைகளுக்குச் சாத்தி வைத்திருந்தது என்பதை எண்ணும்போது வியப்பைவிட வெட்கமே தோன்றுகிறது. இயன்ற மட்டும் இப்பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் அமர்த்த வேண்டும் என்று சட்டம் விதித்தது. 1977-இல் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகளோ அதுவரை சக்கர நாற்காலியை அருகில் நின்று கண்டதில்லை. பேசும்போது வாய் கோணி, கை தானாக அசையும் ஒரு சிறுவன் பக்கத்து இருக்கைக்கு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் வெறித்துப் பார்ப்பார்கள். பிறகு 'அவனுக்கு என்ன?' என்று உரக்கக் கேட்பார்கள். 'அப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்று பெரியவர் ஒருவர் தோளைப் பிடித்து அழுத்துவார். கேள்வி தொண்டைக்குள் போய்விடும். உள்ளே போன கேள்வி கேலியாக வெளியே வரும். உலகெங்கும் உள்ள வழக்கம் இது. நம் வீடுகளிலும் இதுவே.

இந்த இடத்தில்தான் பார்பரா ஐயெல்லோ என்னும் ஆசிரியையின் பெயர் வரலாற்றில் சேர்கிறது. வாஷிங்டன் நகரில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்தவர் அவர். பொதுப் பள்ளிக்குள் அடியெடுத்து வைத்த பெருமூளை வாதச் சிறுவன் ஒருவன் சக மாணவரிடம் பட்ட பாட்டை அறிந்தவர். 1977-இல் அச்சிறுவனை மனத்தில் கொண்டு, ஏறத்தாழ ஒரு குழந்தையின் அளவுக்கு ஒரு பொம்மையைச் செய்வித்தார். அதற்கேற்ற சிறிய சக்கர நாற்காலியும் உண்டு. மார்க் ரைலி என்று அதற்குப் பெயர் சூட்டினார். பின்னர் ரெனால்டோ ராட்ரிகஸ் என்னும் பார்வையற்ற சிறுவனும், மாண்டி புச்சினி என்னும் காது கேளாத சிறுமியும், அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள எல்லென் ஜேன் பீட்டர்சனும், எழுத்தைப் படிக்கத் திணறும் ஜெனிஃபர் ஹௌசரும் பொம்மைகளாகப் பிறந்தனர். குறை ஏதுமற்ற தோழியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். 'கிட்ஸ் ஆன் தி பிளாக்' என்பது குழுவின் பெயர். 'நம் தெருப் பிள்ளைகள்' என்று தமிழில் அதனைச் சொல்லலாம்.

பொம்மையின் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஐயெல்லோ தம் மாதிரியை ஜப்பானியரின் புன்ராக்கு ஆட்டத்திலிருந்து பெற்றார். ஓசாகா நகரில் வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உவேமுரா புன்ராக்குகென் என்பவரின் பெயரால் வழங்கலான கலை அது. அதில் பெரிய பொம்மை ஒன்றை மூவர் சேர்ந்து இயக்குவர். தலையையும் வலக்கையையும் தலைமைக் கலைஞர் இயக்க, இடக்கையை ஒருவரும் கால்களை மற்றொருவரும் பார்த்துக்கொள்வர். மூவரும் பார்வையாளர் கண் முன்னேயே நிற்பர். கறுப்பு உடை அணிந்து எதிரில் நிற்கும் மனிதரைச் சிறிது நேரத்தில் நம் கண் மறந்துவிடுகிறது. பொம்மை மட்டும் உயிரோடு நிற்கிறது. நம் தஞ்சைப் பகுதிப் பொம்மலாட்டத்தில் வேறு முறை. ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் மறைந்திருந்து, தலையில் மகுடம் போல் அணிந்த இரும்பு வளையத்தில் நூல்களைக் கட்டி, கைகளைக் கம்பிகளால் இயக்குவார். அவர் மறைந்திருப்பதே நம் ஆட்டத்தின் மாயம். எதிரில் நின்றும் மறைந்துபோவது புன்ராக்குவின் மாயம்.

ஐயெல்லோ இரண்டாம் வகையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் இருப்பவர் கேட்பவரின் கண்ணைப் பார்த்து விடை சொல்ல இயலாது. கறுப்பு உடையில் பொம்மையோடு வெளியே நிற்பவர், கை தூக்கிய பிள்ளையின் பக்கம் பொம்மையின் முகத்தைத் திருப்ப முடியும். அவருடைய ஆட்டத்துக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் கதை பாதி ஆட்டம்தான்; மீதிப் பாதி கேள்வி நேரம்.

கதை எளியது. மார்க்கும் அவனுடைய தோழி ஒருத்தியும் சந்திப்பார்கள், அவளுக்கு அவனைக் கண்டு அச்சமும் ஆவலும் இருக்கும், பேச்சு வளரும், நகைச்சுவை கலந்து முடியும். இலக்கியத் தராசில் நிறுத்தால் இந்தச் சிறு நாடகங்கள் பெரிதும் நிற்கமாட்டா. ஆனால் அவை முடிந்ததும் பொம்மை பிள்ளைகளைப் பார்த்து, 'என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று வினவும். அப்போதுதான் உண்மையான நாடகம் தொடங்கும். நாற்காலியிலேயே உறங்குவாயா? சட்டையை யார் போட்டுவிடுவார்? இது எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? உன்னைக் கண்டு யாராவது சிரித்தால் என்ன செய்வாய்? ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே இவற்றைக் கேட்கப் பிள்ளையும் துணியாது; கேட்டால் பெரியவரும் விடமாட்டார். பொம்மையிடம் கேட்கலாம். பொம்மைக்கு மனம் நோகாது என்று பிள்ளைக்குத் தெரியும்; ஆயினும் பொம்மை மார்க் என்பதையும் அது நம்பும். இந்த இரண்டு நிலைக்கும் இடையில் இருக்கும் குறுகிய வெளியில்தான் கூச்சமற்ற கேள்வி பிறக்கிறது. கவிதையின் பாவனையும் அதுவே அல்லவா? பொய் என்று தெரிந்தும் மெய்யென்று கொள்வதால்தானே நாம் அதனிடம் உண்மையைப் பேசுகிறோம்?

விடை சொல்வது எளிதன்று. பொம்மையை ஆட்டுபவர் அக்குறையைப் பற்றி முன்னரே கற்றுத் தேர்ந்திருக்க வேண்டும். விடையும் மார்க்கின் வாய்மொழியாகவே வர வேண்டும். விரிவுரையாளரின் குரல் கேட்டுவிட்டால் ஆட்டம் கெட்டது. 'பெருமூளை வாதம்' என்ற சொல்லைத் தவிர்க்காமல் சொல்லி, மூளையில் ஏற்பட்ட பழுதினால் கைகால் சொன்னபடி கேட்பதில்லை, அது யாருக்கும் ஒட்டாது என்று நேராக விளக்குவதே முறை. இம்முறை பரவியது. பல நகரங்களில் தொண்டர் குழுக்கள் பொம்மைகளைப் பெற்றுப் பள்ளி பள்ளியாகச் சென்றன. பிற்காலத்தில் நீரிழிவு, ஆஸ்துமா, எய்ட்ஸ் ஆகியவற்றோடு வாழும் பிள்ளைகளின் பொம்மைகளும் சேர்ந்தன. 1988 முதல் ஐயெல்லோவும் ஜெஃப்ரி ஷுல்மனும் இணைந்து இப்பாத்திரங்களைச் சிறுவர் கதை நூல்களாகவும் எழுதினர். அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொம்மை கையில் இல்லாதபோது கதையின் மெலிவு தெரிந்துவிடுகிறது.

இங்குச் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட் பிறப்பின் குறைகளை எட்டாக எண்ணிக் காட்டுகிறார். அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிய சொற்கள் பல பின்னாளில் வசைச் சொற்களாயின. திக்குவாயும் காது மந்தமும் நம் மேடையிலும் திரையிலும் சிரிப்புக்குக் கைமுதலாயின. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து, 2010-ஐ ஒட்டித் தமிழக அரசின் ஆவணங்களில் 'மாற்றுத் திறனாளிகள்' என்ற சொல் இடம் பெற்றது. நல்ல மாற்றம், வரவேற்போம். ஆயினும் நல்ல சொல்லைக் கொடுத்தால் கேள்வி அடங்கிவிடும் என்று நம் கவிஞர்கள் எண்ணிவிடக் கூடாது. 'அவர் மாற்றுத் திறனாளி, அப்படிச் சொல்' என்று ஒரு பிள்ளைக்குக் கற்பித்த பின்னும், அவர் எப்படிப் படியேறுகிறார் என்ற ஐயம் அதன் மனத்தில் அப்படியே இருக்கும். மார்க் ரைலி சொல்லை மாற்றவில்லை, ஐயத்தைத் தீர்த்தான்.

இனி வேறொரு கிளையைப் பார்ப்போம். பொம்மைகளுக்குப் பத்தாண்டு முன்பே, உடற்குறை உடையோர் தாமே மேடையேறிய முயற்சி ஒன்று அதே நாட்டில் தொடங்கியிருந்தது. மேடை வடிவமைப்பாளர் டேவிட் ஹேஸ் 1967-இல் கனெக்டிகட் மாநிலத்தில் காது கேளாதோர் தேசிய நாடகக் குழுவை நிறுவினார். அதன் அருமையை உணர, முந்தைய வரலாறு சிறிது தெரிய வேண்டும். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையை விலக்கி, உதட்டசைவையும் பேச்சையுமே கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதன்பின் பல பள்ளிகளில் சைகை தடை செய்யப்பட்டது. 1960-இல் வில்லியம் ஸ்டோகோ என்னும் அறிஞர், சைகை தனக்கென இலக்கணம் உடைய மொழி என்று ஆராய்ந்து காட்டிய பிறகே எண்ணம் மாறத் தொடங்கிற்று. இக்குழு தொலைக்காட்சியில் தோன்றவிருந்தபோது, பேச்சுப் பயிற்சியையே வற்புறுத்தி வந்த அமைப்பு ஒன்று ஒளிபரப்புக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு மொழியைக் கையால் பேசுவதைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று அஞ்சியவர்களும் இருந்திருக்கின்றனர்! மொழிக்காகப் போராடிய வரலாறு உடைய நமக்கு இது புரியாத செய்தியன்று.

குழுவின் சிறுவர் பிரிவு 1968-இல் தோன்றியது. கதைகளையும் கவிதைகளையும் கையாலும் உடலாலும் நிகழ்த்திக் காட்டினர். உடன் நிற்கும் கலைஞர் குரலால் சொல்லுவார். ஒரே நேரத்தில் இரு மொழிகளில் ஒரு கவிதை. காது கேட்கும் பிள்ளைகள் அங்கே இரக்கப்படுவதற்கு இடமே இல்லை. கேட்காதவர்கள் செய்வதைத் தாமும் செய்ய முடியவில்லையே என்ற பொறாமைக்குத்தான் இடம் இருந்திருக்கும்.

இந்நாடகக் குழுவிலிருந்து வந்தவர்தான் லிண்டா போவ். 1969 நவம்பரில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் தொலைக்காட்சித் தொடரில் 1971-இல் தோன்றி, பின்னர் நூலகராக அத்தெருவில் நிலையாகக் குடியேறி, 2002 வரை அதில் இருந்தார். தொடக்கத்தில் எழுத்தாளர்கள் அவருடைய காது கேளாமையை வைத்தே காட்சிகளை எழுதினர். தம் பாத்திரத்துக்கு நகைச்சுவையும் காதலும் கூட வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார், அவ்வாறே எழுதப்பட்டது. ஒருவரின் குறையைப் பற்றிப் பேசாமல் அவரோடு முப்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்வது, ஒரு நாள் முழுதும் குறையைப் பற்றியே பேசுவதைக் காட்டிலும் மேலான பாடம் என்று நான் கருதுகிறேன். அதே தொடரின் எழுத்தாளர் எமிலி பெர்ல் கிங்ஸ்லியின் மகன் ஜேசன் 1974-இல் டவுன் நோய்க்குறியோடு பிறந்தான். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுமாறு மருத்துவர் கூறியதைத் தாய் ஏற்கவில்லை. பேசமாட்டான் என்று சொல்லப்பட்ட அப்பிள்ளை சிறு வயதிலேயே அத்தொடரில் தோன்றினான். வளர்ந்தபின், தன்னைப் போன்ற நண்பர் மிட்செல் லெவிட்ஸுடன் சேர்ந்து 1994-இல் ஒரு நூலையும் வெளியிட்டான்.

பொம்மைகளின் மீது வைக்கத் தக்க குறையை இந்த இரண்டாம் கிளையே காட்டிவிடுகிறது. மார்க் ரைலிக்குக் குரல் கொடுத்தவருக்குப் பெருமூளை வாதம் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. கற்றுத் தேர்ந்த விடை எவ்வளவு நேர்மையாயினும், அது மற்றொருவர் சார்பில் சொன்ன விடையே. இங்கிலாந்தில் இந்த எண்ணம் விரைவாகவே முளைத்தது. கவென்ட்ரி நகரின் பெல்கிரேடு நாடக அரங்கு 1965-இல் நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, நாடகத்தின் நடுவிலேயே பிள்ளைகளைப் பங்கேற்கச் செய்யும் முறையைத் தொடங்கியிருந்தது. அதே நகரில் உடற்குறை உடைய மாணவர்க்கான கல்லூரி ஒன்றில் மாணவர் நபில் ஷபானும் ஆசிரியர் ரிச்சர்ட் டாம்லின்சனும் சந்தித்தனர். அவ்விருவரும் 1980-இல் 'கிராயே' நாடகக் குழுவைத் தொடங்கினர். கிரேக்கப் புராணத்தில் ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளும் மூன்று கிழச் சகோதரியரின் பெயர் அது. தம் பெயரிலேயே இவ்வளவு துணிச்சலான நகைச்சுவையை வைத்துக்கொண்ட குழுவிடம் யாரும் அனுதாபத்தோடு அணுக முடியாது. நடிகர் யாவரும் உடற்குறை உடையோர். பள்ளிகளுக்கும் சென்றனர். 1997-இல் இதன் தலைமையை ஏற்ற ஜென்னி சீலி காது கேளாதவர். 2012 இலண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவருள் ஒருவர்.

நாடகம் என்ற பெயரில் பள்ளிகளில் பரவிய மற்றொரு வழக்கத்தை இங்கே பிரித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்கவிடுவது, காதில் பஞ்சை அடைப்பது, ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது முதலியன அவை. எளிதில் செய்யலாம், செலவும் இல்லை, ஆகவே ஆசிரியர்கள் விரும்பினர். பார்வைக் குறைபாடு உடையவரான சாலி ஃபிரெஞ்ச் 1990களின் தொடக்கத்திலேயே இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். கண்ணைக் கட்டிக்கொண்டவன் அறிவது, பார்வை போன முதல் நாளின் தடுமாற்றத்தை மட்டுமே. ஆண்டுகள் பல பார்வையின்றி வாழ்ந்தவர் பெற்ற திறமையை அவன் அறிய வழியில்லை. படிக்கட்டுகளும் பிறர் மனப்போக்கும் போடும் தடைகளையும் அவன் காண்பதில்லை. 2017-இல் மிஷெல் நாரியோ-ரெட்மண்டும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவரிடையே செய்த ஆய்வு இதனை உறுதி செய்தது. இப்பயிற்சிக்குப் பின் மாணவரிடம் அச்சமும் கையறு நிலையும் கூடின. உடற்குறை உடையோரைப் பற்றிய அவர்தம் மனப்பாங்கு சொல்லத்தக்க அளவு மேம்படவில்லை. வேடம் புனைவது வேறு, நாடகம் வேறு. நாடகத்தில் எதிரே ஒருவர் இருக்கிறார். கண்கட்டு விளையாட்டில் நான் மட்டுமே இருக்கிறேன்; என் அச்சத்தை அவருடைய வாழ்வாக எண்ணிக்கொள்கிறேன். பார்வையற்றவரைப் பற்றிக் கவிதை எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு இருளை வருணிக்கும் நம் வழக்கத்தையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மிக அண்மைய நிகழ்ச்சியொன்றைச் சொல்லி முடிக்கலாம். 2017 ஏப்ரலில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடரில் ஜூலியா என்னும் நான்கு வயதுச் சிறுமி பொம்மை வந்தாள். அதற்கு முன் 2015-இல் மின்கதை நூல் ஒன்றில் அறிமுகமானவள். அவளுக்கு ஆட்டிசம் உண்டு. பெரிய மஞ்சள் பறவை அவளை நோக்கி வணக்கம் சொல்கிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று பறவை வருந்துகிறது. அவள் விடை சொல்லச் சற்று நேரம் ஆகும் என்று மற்றவர் விளக்குகின்றனர். பறவை காத்திருக்கிறது. சிறுவர் தொலைக்காட்சியின் ஓட்டத்தில் காத்திருப்பது அரிய செயல். ஜூலியாவை இயக்கிய ஸ்டேசி கார்டன் ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற தாய். மார்க் ரைலியின் காலத்திலிருந்து கலை ஒரு படி முன்னேறியிருந்தது எனலாம்.

ஆயினும் 2019 ஆகஸ்டில், ஜூலியாவை உருவாக்கத் துணை நின்ற அமைப்புகளுள் ஒன்று உறவை முறித்துக்கொண்டது. ஆட்டிசம் உடையோர் தாமே நடத்தும் 'ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்' அது. பெற்றோருக்கென ஜூலியாவின் படத்தோடு வெளிவந்த விளம்பரங்கள், தங்களுக்கு உடன்பாடில்லாத வேறோர் அமைப்பின் கையேட்டை நோக்கி அவர்களை அனுப்பின என்பது அவர்களுடைய முறையீடு. குழந்தைக்கு ஆட்டிசம் என்று அறிந்த பெற்றோர் இழவு காப்பது போல் துயருற வேண்டும் என்ற தொனியை அக்கையேடு தருகிறது என்று அவர்கள் கூறினர். திரையில் பறவை ஜூலியாவோடு விளையாடக் காத்திருந்தது. திரைக்கு வெளியே பெற்றோரிடம் அவளுக்காக அழச் சொன்ன தாள் ஒன்று போய்ச் சேர்ந்தது. ஜூலியா தொடரில் நீடித்தாள். அவ்வமைப்பினர் திரும்பவில்லை.